ஒற்றுப் பிழை மட்டும் பார்த்தேன்

அத்தை அந்த நோட்டீஸை நான்காக மடித்து மணிபர்ஸுக்குள் வைத்திருந்தார். 2011, சித்திரைத் திருவிழா முடிந்த வாரம். மதுரையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பிரித்து, உள்ளங்கையால் இரண்டு முறை நீவி, என்னிடம் கொடுத்தார். "நீ அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். இதைக் கொஞ்சம் படித்துச் சொல், மருமகனே. எல்லாம் சரியாக இருக்கிறதா?"

வழவழப்பான தாளில் நான்கு வண்ண அச்சு. மேலே பச்சைப் புல்வெளியில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்கிறது. கீழே மனைப்பிரிவின் பெயர், வரைபடம், தொலைபேசி எண்கள். முழுவதும் படித்துவிட்டு, "இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது அத்தை, மற்றபடி சரிதான்" என்றேன். மெய்ப்புத் திருத்துகிறவனின் கண் அப்போது எனக்கு அவ்வளவுதான் பழகியிருந்தது. க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்று பார்க்கும். வாக்கியம் என்ன செய்கிறது என்று பார்க்காது.

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தோடு இரண்டு வளையல்களை விற்ற பணத்தையும் சேர்த்து, மதுரைக்கு வடக்கே 3 சென்ட் மனையை அத்தை வாங்கினார். "மருமகன் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னான்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாராம். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த நோட்டீஸ் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை எப்படிப் படித்திருக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது விளம்பரக் கலை பற்றிய எந்த நூலிலிருந்தும் இல்லை. புறநானூற்றின் 46ஆம் பாட்டில் வந்த ஒரு தட்டச்சுப் பிழையிலிருந்து.

நோட்டீஸ் வந்த மூன்றாம் ஆண்டில் புறநானூற்று உரை ஒன்று எங்கள் அச்சகத்துக்கு வந்தது. தட்டச்சு செய்த பெண் நல்ல கெட்டிக்காரர். ஆனால் "அழூஉம் அழாஅல்" என்ற இடத்தைக் கைப்பிரதியில் நேர்ந்த பிழை என்று எண்ணி, "அழும் அழல்" என்று மாற்றிவிட்டார். அழுகை நெருப்பாகிவிட்டது. அளபெடையைத் திரும்பப் போடச் சொல்லிக் குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். ஏனோ போக முடியவில்லை. அந்த உ-வும் அ-வும் இல்லாமல் போனபோது பாட்டிலிருந்து என்ன போயிற்று என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

நீயே, புறவின் அல்லல் அன்றியும், பிறவும்
இடுக்கண் பலவும் விடுத்தோன் மருகனை;
இவரே, புலன்உழுது உண்மார் புன்கண் அஞ்சித்
தமதுபகுத்து உண்ணும் தண்ணிழல் வாழ்நர்;
களிறுகண்டு அழூஉம் அழாஅல் மறந்த
புன்தலைச் சிறாஅர், மன்று மருண்டு நோக்கி
விருந்தின் புன்கண்நோ உடையர்;
கேட்டனை ஆயின், நீ வேட்டது செய்ம்மே!

சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் பிள்ளைகளைப் பிடித்துவந்து யானைக் காலில் இட நிறுத்தியிருக்கிறான். கோவூர் கிழார் என்ற புலவர் குறுக்கே வந்து சொன்ன சொற்கள் இவை. எட்டே வரி. பாட்டின் அடிக்குறிப்பு, புலவர் பாடிப் பிள்ளைகளை "உய்யக் கொண்டது" என்று முடிகிறது. அப்படியென்றால் இந்த எட்டு வரி வேலை செய்திருக்கிறது. உயிரைக் காப்பாற்றிய பேச்சு நம்மிடம் எழுத்து மாறாமல் இருக்கும்போது அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்க்காமல் இருப்பது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. பள்ளியில் இதற்குத் திணையும் துறையும் எழுதி மதிப்பெண் வாங்கினோம். இது எப்படி வென்றது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதல் சொல் "நீயே". அரசனைப் பார்த்து, அவன் யார் என்று அவனுக்கே சொல்கிறார். ஒரு புறாவின் துன்பத்தையும் பொறுக்காமல் தன் உடலையே கொடுத்தவனின் வழியில் வந்தவன் நீ. சிபியின் கதை சோழர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெருமை. அதை அரசன் மறுக்க முடியாது. மறுத்தால் குலத்தையே மறுத்ததாகும். அடுத்து "இவரே". இந்தப் பிள்ளைகள் யார்? புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம்முடையதைப் பகுத்து உண்டவர்களின் வழியினர். சொல்கிறவரும் ஒரு புலவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்த வீட்டுச் சோற்றின் அருமை தெரிந்த வாய் பேசுகிறது. நீயே, இவரே என்று இரண்டு தட்டுகளை வைத்துத் தராசைத் தூக்கியாயிற்று. இரண்டு தட்டிலும் இருப்பது குடிப்பெருமைதான்.

அதன்பிறகு வருகிறது, நான் திருத்த வேண்டியிருந்த வரி. அழுதுகொண்டிருந்த சிறுவர்கள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டார்கள். தங்களைக் கொல்ல நிறுத்திய யானை அவர்களுக்கு வேடிக்கை! "அழூஉம் அழாஅல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு அளபெடையிலும் குரல் இழுபட்டுக் குழந்தையின் அழுகையாகவே ஒலிக்கிறது. "மறந்த" என்ற சொல் வந்ததும் பட்டென்று நின்றுவிடுகிறது. அழுகை நின்ற அந்தக் கணத்தை அரசன் காதால் கேட்டிருப்பான். இழுபட்ட உயிரெழுத்துகளைப் பிழை என்று எடுத்துவிட்டால் பொருள் மட்டுமா கெடுகிறது? பிள்ளைகளின் குரலே போய்விடுகிறது.

அழுகையை மறந்தபின் கூட்டத்தைப் பார்த்து மருள்கிறார்கள். இதுவரை அறியாத புதிய துன்பம் அது. விருந்து என்ற சொல்லுக்கு அன்று புதுமை என்று பொருள். ஆனாலும் பகுத்துண்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஊர் வைக்கும் விருந்து இதுதானா என்ற குத்தலும் என் காதில் விழுகிறது. உரையாசிரியர்கள் அப்படிச் சொல்லவில்லை. என் காதுதான்.

கடைசி வரி: கேட்டாயானால், நீ விரும்பியதைச் செய். கொல்லாதே என்று அவர் எங்குமே சொல்லவில்லை. பாட்டில் ஒரு கெஞ்சல் கிடையாது, ஒரு மிரட்டல் கிடையாது. முடிவை அரசன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார். தானே எடுத்த முடிவிலிருந்து மனிதன் பின்வாங்குவது கடினம். அதை நன்றாக அறிந்தவர் அவர்.

திருக்குறளில் சொல்வன்மை அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கிறது. "கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்." கேட்டனை, வேட்டது என்று கோவூர் கிழார் முடித்த அதே இரண்டு வினைகள் இங்கேயும் வருகின்றன. கேட்பது, வேட்பது. பேச்சு காதில் தொடங்கி விருப்பத்தில் முடிகிறது என்ற எண்ணம் நம் மொழியில் அவ்வளவு பழையது. ஆனால் குறளில் இன்னொரு வினையும் இருக்கிறது: பிணிக்கும். கட்டிப்போடும். நல்ல சொல்லைப் பற்றித்தான் வள்ளுவர் சொல்கிறார். ஆனாலும் கட்டு கட்டுதான். கட்டுகிறவன் யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பேச்சுக்கலையைப் பற்றி யார் எழுதினாலும் அரிஸ்டாட்டிலின் மூன்று வழிகளிலிருந்து தொடங்குவது வழக்கம்: பேசுகிறவரின் தகுதி, கேட்கிறவரின் உணர்ச்சி, சொல்லின் தருக்கம். மூன்றும் இந்த எட்டு வரியில் இருக்கின்றன. எந்த மோசடி நோட்டீஸிலும் அவை மூன்றும் இருக்கும். அதனால் அந்தப் பெயர்ச்சீட்டுகளை ஒட்டுவதோடு நின்றுவிடுவதில் எனக்கு விருப்பமில்லை.

என்னை உறுத்தியது வேறொன்று. கோவூர் கிழாரும் மறைக்கிறார். மலையமான் சோழனுக்குப் பகைவன் என்ற செய்தி பாட்டில் எங்குமே இல்லை. இந்தப் பிள்ளைகள் வளர்ந்தால் வாள் எடுப்பார்கள் என்பதும் இல்லை. அரசனின் தரப்பு வழக்கையே முழுதாக விட்டுவிட்டார். புல்வெளியைக் காட்டிக் கருவேலங்காட்டைக் காட்டாத நோட்டீஸுக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? இந்தக் கேள்வி பல மாதம் என்னை விடவில்லை.

எனக்குக் கிடைத்த விடை இது. கோவூர் கிழார் சொல்லாமல் விட்டதெல்லாம் கிள்ளிவளவனுக்கு முன்பே தெரியும். பகை அவனுடையது, கட்டளையும் அவனுடையது. அவனுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு, அவன் பார்க்க மறந்ததை மட்டும் அவன் முன்னால் வைத்தார். நோட்டீஸ் விட்டது என் அத்தைக்குத் தெரியவே வழியில்லாததை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றையும் பார்க்கத் தொடங்கினேன். கோயா 1814இல் வரைந்த ஓவியம் ஒன்று மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1808 மே 3ஆம் தேதி நெப்போலியனின் படையினர் ஸ்பானியக் கிளர்ச்சியாளர்களைச் சுட்டுக் கொன்ற காட்சி. நான் அச்சில் பார்த்ததுதான். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கைகளை விரித்து மண்டியிட்டிருக்கிறார். எழுந்து நின்றால் அங்கிருக்கும் எல்லோரையும்விட உயரமாக இருப்பார் போலத் தோன்றும். வலது உள்ளங்கையில் ஆணி அறைந்த தழும்பு போன்ற ஒரு குறி. தரையில் வைத்த விளக்கின் ஒளி முழுவதும் அவர் மேல் விழுகிறது. சுடுகிற வீரர்களுக்கு முகமே இல்லை, முதுகுகளும் துப்பாக்கிகளும்தான். கோயா அவர்களின் முகங்களை மறைத்தது பெரிய வாதம். கொல்கிறவன் மனிதனாகத் தெரியக் கூடாது, சாகிறவன் கிறிஸ்துவாகத் தெரிய வேண்டும். இது ஒருதலைப்பட்சம்தான். ஆனால் அந்த வீரர்கள் யார், எந்த நாட்டுப் படை என்று மாட்ரிட்வாசிகளுக்குச் சொல்லவேண்டியிருந்ததா? ஆறே ஆண்டுகளுக்கு முன் அவர்கள் தெருவில் நடந்தது.

நம் ஊர்ச் சுவரில் தொங்கும் சிவகாசி நாள்காட்டியையும் இதில் சேர்க்கிறேன். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவரிடம் பயின்றவர்களும் வளர்த்தெடுத்த பாணியில் முருகனோ இலட்சுமியோ மேலே இருக்க, கீழே ஜவுளிக்கடையின் பெயர். கடவுள் படத்தை யார் குப்பையில் போடுவார்கள்? கடையின் பெயர் ஆண்டு முழுவதும் பூசையறையில் இருக்கிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தார்கள் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், முருகனுக்கும் தெரியும்.

விளம்பரங்களில் என் அளவுகோலுக்கு நன்றாகப் பொருந்தியது ஃபோக்ஸ்வாகனின் கதை. 1959இல் நியூயார்க்கின் டாய்ல் டேன் பெர்ன்பாக் நிறுவனம் அந்தக் கார்களுக்கு விளம்பரம் எழுதத் தொடங்கியது. ஹெல்முட் க்ரோன் படவடிவம் அமைத்தார். மற்ற கார் விளம்பரங்கள் வண்ணமும் மாளிகையுமாக மின்னிய காலத்தில், பெரிய வெற்றுத்தாளில் ஒரு சிறிய கறுப்பு வெள்ளைக் கார். 1960இல் வந்த ஒன்றில் படத்தின் கீழே ஒரே ஒரு சொல்: எலுமிச்சை. அமெரிக்கப் பேச்சில் அதற்குப் பழுதான கார் என்று பொருள். தன் சரக்கைப் பழுது என்று எவன் சொல்வான்? வாசகர் திகைத்துக் கீழே படிப்பார். காருக்குள் முன்னிருக்கைக்கு எதிரே பொருள் வைக்கும் சிறு பெட்டியின் குரோமியப் பட்டையில் சிறு கறை இருந்ததாம். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், எங்கள் ஆய்வாளர் கவனித்துவிட்டார், அதனால் இந்தக் காரை அனுப்பவில்லை. வொல்ஃப்ஸ்பர்க் ஆலையில் 3,389 பேருக்குக் கார்களைச் சோதிப்பது மட்டுமே வேலை. ஒரு நாளில் தயாராகும் கார்கள் 3,000. கார்களைவிடச் சோதிக்கிறவர்கள் அதிகம்!

குற்றத்தை ஒப்புக்கொண்டு நம்பிக்கையைச் சம்பாதிக்கும் இந்த உத்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை. சிறிய குறையைச் சொல்கிறவன் பெரிய குறையை மறைக்க மாட்டான் என்று நம் மனம் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்தக் கார் ஹிட்லரின் ஆட்சிக் காலத்தில் உருவானது என்பதை அந்த விளம்பரம் பேசவில்லைதான். ஆனால் போர் முடிந்து 15 ஆண்டுகளே ஆகியிருந்த அமெரிக்காவில் அதை அறியாதவர் குறைவு.

2015 செப்டம்பரில் அதே நிறுவனத்தைப் பற்றி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. "சுத்தமான டீசல்" என்று விளம்பரப்படுத்திய கார்களில், சோதனைக்கூடத்தில் ஓடும்போது அதை உணர்ந்து புகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் இருந்தது. சாலையில் ஓடும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் அனுமதித்த அளவைப் போல 40 மடங்குவரை வெளியேறின. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. குரோமியப் பட்டையின் கறையைக் காட்டிய குரல் ஈட்டிய நம்பிக்கையின் வட்டியில், அரை நூற்றாண்டு கழித்து வேறு யாரோ உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த மென்பொருளைக் கார் வாங்குகிறவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்? வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவிகளை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது.

இனி அத்தையின் நோட்டீஸ்.

"மெயின் ரோட்டிலிருந்து 5 நிமிடம்." கிலோமீட்டரில் சொல்லவில்லை. நிமிடம் என்பது வண்டிக்கும் ஓட்டுகிறவருக்கும் ஏற்றபடி நீளும், குறுகும். "அமையவிருக்கும் சுற்றுச்சாலைக்கு மிக அருகில்." அமையவிருக்கும் என்ற எச்சத்தில் எழுவாய் இல்லை, தேதியும் இல்லை. யார் அமைப்பார்கள், எப்போது? தமிழ் இலக்கணத்தில் எதிர்காலத்துக்கு இவ்வளவு வசதியான சொல் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. பொய் என்று நிரூபிக்க அதற்கு ஒரு நாளும் நாள் வராது. "கல்லூரிகள், மருத்துவமனைகள் சூழ்ந்த பகுதி." சூழ்ந்த என்றால் எத்தனை தொலைவு? "குறைந்த மனைகளே உள்ளன." இது பயத்தை மூட்டும் வரி. யோசிக்கும் நேரத்தைப் பறிப்பதற்கென்றே எழுதியது. இவையெல்லாம் போகட்டும். வாழ்க்கையில் இரண்டு மனை நோட்டீஸ் பார்த்தவருக்கு இவை பழக்கம்தான். பாதியைத் தள்ளிவைத்துத்தான் படிப்பார்கள்.

கொன்றது இன்னொரு வரி. "பஞ்சாயத்து அப்ரூவ்டு." அதைத்தான் அத்தை விரலால் தொட்டுக் காட்டியிருந்தார். அரசாங்கமே ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று அந்தச் சொல் அவருக்குச் சொன்னது. பஞ்சாயத்தின் முத்திரை உண்மையில் இருந்தது. ஆகவே அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு மனைப்பிரிவுக்கு வேண்டிய நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் அதற்கு இல்லை. அப்படி ஓர் அலுவலகம் இருப்பதே தெரியாத ஒருவரிடம் அதைச் சொல்லாமல் விட்டார்கள். உண்மையான ஒரு சொல்லை முன்னால் நிறுத்தி, அதன் நிழலில் இல்லாத ஒன்றை ஒளித்தார்கள். நான் அந்த வரியில் ஒற்றுப் பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

நோட்டீஸுக்கு வெளியேயும் பேச்சு நடந்திருக்கிறது. மனையைப் பார்க்க இலவச வேன் அனுப்பினார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டுப் பேரோடு அத்தை போனார். வழியில் ஓட்டலில் வாழையிலை போட்டு, பாயசத்தோடு சாப்பாடு. முன்பணம் கொடுத்தது அன்று மாலையே. ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டபோது அவர் சொன்னது என் நெஞ்சில் தைத்துவிட்டது. "அம்மா அம்மா என்று கூட்டிப்போய்ச் சோறு போட்டார்கள். அவர்கள் உப்பைத் தின்றுவிட்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, மருமகனே?" பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கான வேளை சோறு போட்டவர். ஒரு வேளை தனக்குப் போட்டதும் கடன்பட்டவராகிவிட்டார். அந்தச் சாப்பாட்டை ஏற்பாடு செய்தவர்களுக்கு நம் ஊர் மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பகுத்துண்ணும் குணத்தை வைத்துக் கோவூர் கிழார் பிள்ளைகளைக் காத்தார். அதே குணத்தை வைத்து இவர்கள் மனை விற்றார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

2016 செப்டம்பரில் ஒப்புதல் பெறாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விவசாய நிலங்கள் கண்டபடி மனைகளாவதைத் தடுக்க எழுந்த வழக்கு அது. தடையில் நியாயம் இருந்தது. ஆனால் மகளின் கல்யாணத்துக்கு விற்கலாம் என்றிருந்த மனையை அத்தையால் விற்க முடியவில்லை. அடுத்த ஆண்டு வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணமும் அலைச்சலும் அத்தையுடையது. நோட்டீஸ் அச்சடித்தவர்களின் தொலைபேசி எண்கள் அதற்குள் உயிரோடு இல்லை.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன பொய்யான தகவலை நம்பிப் பணம் கொடுத்து இழந்தவருக்கு விற்றவர் ஈடு கொடுக்க வேண்டும். விலக விரும்பினால் கொடுத்த பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். பதிவு செய்ய வேண்டிய திட்டமென்றால் விளம்பரத்தில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அத்தைக்கு இது ஐந்து ஆண்டு தாமதமாக வந்த சட்டம். அவருக்கு முன்பே வந்திருந்தாலும், "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்ற உண்மையான சொல்லைப் பொய்யான தகவல் என்று நிரூபிக்க எவ்வளவு வாதாடியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இப்போது மனை நோட்டீஸ்கள் மெய்ப்புக்கு வந்தால் ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன்: "எத்தனை கி.மீ.?" "அமைப்பது யார்?" "இயக்கக எண் எங்கே?" பெரும்பாலும் அப்படியே அழிக்கப்பட்டுத் திரும்பி வரும். ஒற்றுப் பிழைத் திருத்தங்களை மட்டும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். இருவர் மட்டும் நிமிடத்தை எடுத்துவிட்டுக் கிலோமீட்டர் போட்டார்கள்.

ஒவ்வொரு தை மாதமும் அத்தை ஒரு சிறிய வாளியில் சுண்ணாம்பு கரைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். மனையின் நான்கு மூலைக் கற்களுக்கும் வெள்ளை அடித்துவிட்டு வருவார். இந்த ஆண்டு நானும் கூடப் போனேன். இறங்கிய இடத்திலிருந்து நடந்து போகும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். 35 நிமிடம். மூன்று கற்கள் கிடைத்தன. நான்காவதைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. நான் அரிவாளால் விலக்கிக் கொடுக்க, அத்தை முள்ளுக்குள் கையை விட்டு, மண்ணைத் தடவித் தடவிக் கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.